பேர்களுக்கு மேலே எழுதாமல் விட்ட வரி

குழாய் சில்லென்று இருக்கிறது. நீ சொன்னது சரிதான். இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பிறகு.

நீ வழக்கமாக உட்காரும் கல்லில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கை குழாயின் மேல், மடியில் ஒரு பழுப்பு உறை. சரிவில் இறங்கிவரும் இந்தப் பச்சை இரும்புக் குழாய்க்குள்ளே நம் ஓடை முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. காதை வைத்தால் கேட்கிறது. வெளியே, ஓடை இருந்த இடத்தில் பாறைகள் காய்ந்து கிடக்கின்றன. கீழே மின்நிலையத்தின் தகரக்கூரை தெரிகிறது. அங்கிருந்து கிளம்பும் கம்பி நம் லயத்து வீட்டு வரிசைகளின் தலைக்கு மேலாகப் போய், மலையைத் தாண்டி, யார் யார் வீட்டுக்கோ போகிறது.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னே நான்கு வருடம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். ஆக, ஆறு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் உன்னிடம் வாய் திறக்கிறேன். பதில் சொல்ல நீ இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறேன் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இந்த உறை எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. அதிலேயே எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. பக்கத்து மலையில் இருக்கிற சின்ன ஓடையிலும் இன்னொரு அணை கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நம் ஓடை குழாய்க்குள் போன பிறகு லயத்துக்குக் குடிதண்ணீர் வருவது அந்தச் சின்ன ஓடையிலிருந்துதான். முதல் அணைக்கு அனுமதி வாங்கியபோது கம்பனிக்காரர்கள் அரசாங்கத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும் என நினைத்தேன். தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது. ஆனால் என் கைக்கு வரவில்லை. லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கு முகவரி கிடையாது அல்லவா? கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, மேசையில் பன்னிரண்டு நாள் படுத்துக்கிடந்தது.

"ஏன் தம்பி இத்தனை நாள்?" என்று ஆபீஸ் பையனிடம் கேட்டேன்.

"தாத்தாவுக்கு யாரு கடுதாசி போடப் போறான்னு நெனச்சோம். லவ் லெட்டரா இருந்தா முன்னாடியே சொல்லி வைக்கிறது இல்லையா?" என்றான். பக்கத்தில் இருந்தவன் வேறு சிரித்தான். ஐம்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்து இந்தத் தோட்டத்துத் தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட கை இது. அந்தக் கையில் ஒரு கடிதத்தைத் தர இவர்களுக்குப் பன்னிரண்டு நாள் வேண்டியிருக்கிறது.

உள்ளே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் முப்பது பக்கம். இரண்டையும் நான் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, பருப்பும் கருவாடும் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில். ஆகையால் மெதுவாகத்தான் போக முடிந்தது. 'பிரதேச மக்கள் கூட்டத்தில் கலந்துகொண்டு திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தனர். பெயர்ப்பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்று ஓர் இடத்தில் இருந்தது. அந்தப் பட்டியலைத்தான் நீ வீடு வீடாகப் போய் எடுத்தாய் என்று நான் ஊரைக் கூட்டிச் சொன்னேன். கடைசியில் உன் வேலையைக் கண்ணால் பார்க்கப்போகிறேன் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

ஐந்து பேருக்கு ஒரு கோடு போட்டிருந்தது. அடுத்த ஐந்து பேர், மறுபடி ஒரு கோடு. இப்படிக் கோடு போடுகிற ஆள் நம் தோட்டத்தில் நான் ஒருவன்தான். கவ்வாத்துக் கூட்டத்துக்கு ஆள் கணக்கு எழுதி எழுதி வந்த பழக்கம் அது. தாளின் மேலே தோட்டத்தின் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன. அந்த எழுத்தும் என்னுடையதே.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெளியே போய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்து மாறவில்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் பொகவந்தலாவை பஜாருக்கு இறங்குவோம். நாம் நானா என்று கூப்பிடும் கடைக்காரரின் வாசலில் ஒரு பலகை கிடக்கும். நான் பத்திரிகையை விரிப்பேன், நீ ரேடியோவில் கேட்டதைச் சொல்வாய். உனக்கு எழுத்து தெரியாது. தேயிலை காய்ச்சும் ஸ்டோரில் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளியவன் நீ. முப்பது வருடம் அந்த வாயருகே நின்று உன் புருவமே பாதி கருகிப்போயிருந்தது.

"ஒலகம் சூடாகுதுன்னு ரேடியோவுல இப்பத்தான் சொல்றான்," என்பாய். "என்னைய கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல."

"நீ தள்ளுன வெறகுலயா ஒலகம் சூடாச்சு? கரிய அள்ளி அள்ளி எரிச்சு பணக்காரனானவன் எவனோ. இன்னைக்கு அவன் கோட்டு போட்டுக்கிட்டு கூட்டம் கூட்டி, ஏழை நாடெல்லாம் பொகை விடாதேங்கறான். நம்ம வீட்டுல பொகையறது ஒரே ஒரு அடுப்பு."

"யாரு விட்டா என்னடா? மழை பிச்சுக்கிட்டு ஊத்துனா மண்ணு சரியறது நம்ம லயத்து மேலதானே. கோட்டு போட்டவன் வீட்டு மேலயா சரியுது?"

"அதுக்காக அவன் செஞ்சத மறந்துரணுமா?"

"வீடு பத்தி எரியுது. பத்த வச்சது யாருன்னு கேட்டுக்கிட்டு நிப்பியா, தண்ணி ஊத்துவியா?"

"ஊத்தறது நான் குடிக்கற பீலித் தண்ணியா இருந்தா, கேட்டுட்டுத்தான் ஊத்த விடுவேன்."

உள்ளேயிருந்து நானா குரல் கொடுப்பார்: "ரெண்டு பேரும் ஒலகத்த ரிப்பேர் பண்ணி முடிஞ்சதும் ஒரு சத்தம் போடுங்க. நான் கடைய பூட்டணும்."

நீ இருமிக்கொண்டே சிரிப்பாய். சிரிப்பு முடிந்த பிறகும் இருமல் முடியாது. ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் புகை உன் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. "கரண்டுல ஓடற அடுப்பு வரட்டும். எனக்கப்புறம் ஒருத்தன் இப்படி இருமக் கூடாது," என்று ஒருநாள் சொன்னாய். அதற்கும் எதிராக ஏதோ ஒன்று சொன்னேன். என் குணம் உனக்குத் தெரியும்.

நான் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களையும் நீதான் கேட்டாய். நான் வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டிக்கொண்டே, ஒவ்வொரு பத்திக்கும் எதிராக ஒன்று சொல்வாய். நான்கு பக்கம் எழுதினால் அவர்கள் நான்கு வரி போடுவார்கள். அதிலும் தோட்டம் என்ற சொல்லை எடுத்துவிடுவார்கள். கொழும்பில் இருப்பவர்கள் காலநிலை பற்றிப் பேசலாம், மலையில் இருப்பவன் சம்பளம் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் போலிருக்கிறது. இப்போதும் எழுதுகிறேன். இப்போதும் நான்கு வரிதான். வாசித்துக்காட்டத்தான் ஆள் இல்லை.

முதல் அணைக்கு நடந்த அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தது. கம்பனியிலிருந்து வந்த அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சுவரில் ஒரு படத்தை மாட்டி, அரைகுறைத் தமிழில் விளக்கினார். கரி இல்லாத மின்சாரம், புகை இல்லாத மின்சாரம், நாட்டுக்கு நல்லது, உலகத்துக்கு நல்லது என்றார். நீ முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க பீலி என்னாகும்?" என்று கேட்டது மேட்டு லயத்து மூக்காயி அக்காதான்.

"தண்ணி எங்கயும் போகாது அம்மா. குழாயில வந்து, கீழ திரும்ப ஆத்துலயே விட்டிடுவோம்."

"மேல எடுப்பீங்க, கீழ விடுவீங்க. நாங்க இருக்கறது நடுவுலல்ல?"

மடுவமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது, எத்தனை பேர் வந்து எதிர்த்தோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் பதியாதவன் அன்று வேலைக்கு வந்தவன் ஆகமாட்டான். நம் பிழைப்பு முழுவதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நாள் முழுக்க மலையில் நின்றாலும் பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை. அந்த நினைப்பில் எழுந்து, "எல்லாரும் வரிசையா வந்து பேரு குடுங்க," என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மடுவத்துக்குள் வரிசை என்றால் நம் சனத்தின் கால் தானாக நகரும். எழுபத்துச் சொச்சம் பேர். நான் எழுத எழுத ஒவ்வொருவராக வந்து கைநாட்டோ கையெழுத்தோ வைத்தார்கள்.

கடைசியில் நீ வந்தாய்.

"நீ கட்டணும்னு சொல்றவனாச்சே, ஒனக்கு எதுக்குடா இதுல பேரு?" என்றேன்.

"வந்தவன் வந்தவன்தானே. எழுது," என்றாய். எழுதினேன். நீ போகாமல் நின்றாய். குனிந்து, என் காதருகே வந்து சொன்னாய்: "பேருக்கு மேல ஒரு வரி எழுதுடா. எதுக்கு வந்தோம், யாரு வேணாம்னாங்க, யாரு வேணும்னாங்க, எல்லாம் எழுது. நீ எழுதாம விட்டீன்னா அவன் எழுதிக்குவான்."

நீ எதை வைத்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் உன் கை வெந்தபோது, ஆபீஸ்காரர்கள் வெறும் தாளில் உன் கைநாட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு பார்த்தால், தன் கவனக்குறைவால் நடந்தது என்று நீயே சொன்னதாக அதன் மேலே எழுதியிருந்தது. எழுத்து தெரியாதவன் அதை மறக்கவில்லை. எழுத்து தெரிந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய்.

"எழுதறதப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அதுவும் எல்லார் காதிலும் விழும்படி. வெந்த கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு நகர்ந்தாய். நான் தாளை அதிகாரியிடம் கொடுத்தேன். "ரொம்ப நல்லது ஐயா, ரொம்ப உதவி," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வாரம் நீ வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். சில மாதம் கழித்து அனுமதி கிடைத்துவிட்டது என்றும், தோட்டத்துச் சனம் பெயர் கொடுத்துச் சம்மதித்திருக்கிறது என்றும் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். லயமே கொதித்தது. எவன் கொடுத்தான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என் மனம் ஒரே இடத்துக்குத்தான் போனது. என் பட்டியல் எதிர்த்தவர்களின் பட்டியல், சம்மதப் பட்டியல் என்றால் அது வேறாகத்தான் இருக்க வேண்டும், அதை வாங்கியவன் வீடு வீடாகப் போனவன்தான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆணும் பெண்ணுமாக எல்லாரும் நிற்கும்போது உன்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இருமிக்கொண்டு வந்தாய்.

"ஓடைய வித்தவன் இவன்தான்," என்றேன்.

"நான் குடுக்கலடா," என்றாய்.

"அப்ப யாரு குடுத்தா? சொல்லு பாப்போம்!"

நீ என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். பிறகு திரும்பி நடந்தாய். அந்தப் பார்வையைக் குற்றம் செய்தவனின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து உன் காம்பராவுக்கு 'ஓடை வித்த வீடு' என்று பெயர் ஆயிற்று.

எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டால், ஒரே ஒருமுறை வந்தது. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஒன்றும் எழுதாமல் கொடுத்த அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று மனதில் ஓடியது. கத்தியைத் தண்ணீரில் நனைத்து, இன்னும் அழுத்தித் தீட்டினேன். அந்த நினைப்பு போய்விட்டது. போக விட்டேன் என்பதுதான் உண்மை.

பிறகு அணை வந்தது, குழாய் வந்தது. பீலியில் தலையைக் கொடுத்தால் மூச்சு முட்டும்படி கொட்டிய தண்ணீர் விரல் தடிப்பு ஆனது. மழை இல்லாத மாதங்களில் அதுவும் இல்லை. பெண்கள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மலைக்கு ஏறினார்கள். நாடு முழுக்க மின்வெட்டும் மண்ணெண்ணெய் வரிசையுமாகக் கிடந்த அந்தக் கெட்ட காலத்தில், தலைக்கு மேலே கம்பி போக, கீழே நாம் இருட்டில் ரொட்டி சுட்டோம். நான் சொன்னது நடந்தது என்று எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியைச் சொல்லிக்காட்டவும் நீ வேண்டியிருந்தாய். நானா கடைப் பலகையில் நான் ஒரு முனையில் உட்கார்ந்தால், நீ அந்த வாரம் வரமாட்டாய்.

நீ இங்கே வந்து உட்கார்வதை மேல்மலையிலிருந்து பார்ப்பேன். குழாய்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருப்பாய். நானாதான் ஒருநாள் சொன்னார்: "ஒங்க கூட்டாளி என்னமோ சொல்றார். முப்பது வருசமா அவர் கண்ட மிசினெல்லாம் தொட்டா சுடுமாம். இது மட்டும் சில்லுனு இருக்காம். அதுக்கே அங்க போய் உக்கார்றாராம்." நான் பத்திரிகையைத் திருப்பினேன்.

நீ போன அன்று நான் வந்தேன் என்று உனக்குத் தெரியாது. வளைவில், சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றேன். தப்பு மேளச் சத்தம் என்னைத் தாண்டிப்போகும்வரை நின்றேன். ஒரு பிடி மண் போட வரவில்லை.

உறை வந்த மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் "வாங்கண்ணே" என்பவள், "என்ன?" என்றாள். தாளை நீட்டினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. வாசிக்கறவரு நீங்கதானே."

சொன்னேன். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அவள் ஊதுகுழலைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும் தங்கச்சி?"

"அவருக்குத் தெரியாதா? அன்னைக்கே வந்து சொன்னாரே. மேல ஒண்ணும் போடாம குடுத்துட்டான், என்னா ஆகப்போகுதோன்னு."

"அவன் வீடு வீடா போனது?"

"கக்கூசுக்குப் போற பாதைக்கு வெளக்கு. கம்பனிக்காரங்கிட்ட நாலு வெளக்காவது கேட்டு வாங்கிரலாம், எந்தெந்த எடத்துல வேணும்னு கேக்கத்தான் போனாரு. பொம்பளைங்க இருட்டுல போறாங்கன்னு."

"பெரட்டுல அவ்வளவு பேசினேனே. அங்கேயே சொல்லியிருக்கலாமே அவன்."

"நானும் அதத்தான் கேட்டேன். சனம் கொதிச்சுப்போயி கெடக்கு, இப்ப சொன்னா அவன அடிச்சே போட்டுருவாங்கன்னாரு. அவனுக்கு யாரு இருக்கா, எனக்காவது நீ இருக்க, கொஞ்சம் ஆறட்டும்னாரு." ஊதுகுழலை எடுத்து மறுபடி ஊதினாள். "அவரு போயிட்டாரு. நீங்கதான் ஆறவே இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? என்னையவா பெரட்டுல நிக்க வச்சுப் பேசுனீங்க? எங்க பேசுனீங்களோ அங்க போயி பேசுங்க."

நம் லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி தராமல் அனுப்பமாட்டார்கள். அன்று எனக்கு வரவில்லை. வராதது சரிதான்.

மூன்று நாள் காம்பராவை விட்டு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. தொரையிடம் கேட்டதில்லை, சங்கத்துத் தலைவரிடம் கேட்டதில்லை. நான்காம் நாள் காலை பெரட்டுக்குப் போனேன். பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஓய்வு பெற்ற கிழவன் வரிசைக்கு முன்னால் போய் நின்றதும், "என்ன பெரியவரே, மறுபடி வேலைக்கா? சுருக்கமாச் சொல்லுங்க, நேரமாகுது," என்றார் வேலை பிரித்துக்கொடுக்கும் கண்டாக்கு ஐயா.

தாளைத் தூக்கிப் பிடித்துச் சொன்னேன். ஓடையை விற்ற பட்டியல் என் கையால் எழுதியது, நானே வரிசையில் நிற்கச் சொல்லி வாங்கியது, நானே கொடுத்தது. அவன் என்னை எச்சரித்தான், நான் கேட்கவில்லை. அவன் ஓடையை விற்கவில்லை. இவ்வளவுதான். இதைச் சொல்ல ஆறு வருடம் ஆயிற்று.

அடிக்க யாரும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவ்வாத்துக்காரன் ஒருவன், "எழுதிக் குடுத்ததும் நீங்க, திட்டுனதும் நீங்க. ரெண்டு ஆளு வேலைய ஒத்த ஆளா பாத்திருக்கீங்க தாத்தா," என்றான். நாலு பேர் சிரித்தார்கள். இளவட்டங்கள் சிலருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். மூக்காயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்தாள். "அந்த வீட்டுப் பக்கம் நாலு வருசமா மூஞ்சத் திருப்பிக்கிட்டுத் தண்ணிக்குப் போனேன். போறப்பவும் வாறப்பவும்," என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொன்னாளா தெரியவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு உன் வீட்டு வழியாக மலைக்குப் போனாள். வாசலில் நின்று எதுவோ பேசினாள். தூரத்திலிருந்து அவ்வளவுதான் தெரிந்தது.

இன்று இரண்டாவது அணைக்கான கூட்டம். அதே மடுவம்தான், தராசும் ஓரத்தில் இருந்தது. வேறு அதிகாரி, வேறு படம். புகை இல்லாத மின்சாரம், உலகம் சூடாவதைத் தடுக்க இந்த மாதிரி நாடுகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும் என்றார். சனம் எழுந்து எழுந்து பேசியது, குடிதண்ணீரை விடமாட்டோம் என்று. நான் பேசவில்லை. உனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். வெறும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பேர்கூட எழுதும் முன்னால், மேலே எழுத ஆரம்பித்தேன். இந்த ஓடை எங்கள் குடிதண்ணீர், எங்கள் சம்மதம் இல்லாமல் இதை எடுக்கக் கூடாது என்று சொல்ல வந்தோம் என எழுதினேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். யாரு வேணும்னாங்க என்றும் எழுது என்று சொன்னாயே. வேண்டும் என்று சொல்ல மடுவத்தில் ஒருவர்கூட இல்லை.

பிறகு எழுதினேன்: 'மின்சாரம் வரட்டும், பாதைக்கு விளக்கும் வரட்டும், புகை தின்று யாரும் இருமக் கூடாது என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவரையும் யாரும் கேட்கவில்லை.'

அதற்குக் கீழேதான் வரிசையை வரச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் மேலே இருப்பதை வாசித்துக்காட்டிய பிறகே பேர் எழுதினேன். பொழுது சாய்ந்துவிட்டது. உன் மனைவியும் வந்தாள். கடைசி வரியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் வாசிக்கக்கூடியவர் போலிருக்கிறது. "ஐயா, இந்தக் கடைசி வரி சொன்னவர் யார்? பட்டியல்ல இருக்காரா?"

"இன்னைக்கு வரல," என்றேன்.

"வராதவர் சொன்னதை எப்படிச் சேர்க்கிறது?"

"அவன் பேரு மொத அணைக்குக் குடுத்த தாளுல இருக்கு. கடைசிப் பேரு. போயி பாருங்க."

போட்டோ கொப்பி எடுக்காமல் அந்தத் தாளை விடமாட்டேன் என்று அவருடனேயே ஆபீஸ்வரை நடந்தேன். ஒரு பிரதி இந்த உறைக்குள், பழையதோடு சேர்ந்து இருக்கிறது. அணையைக் கட்டுவார்களோ விடுவார்களோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பேர்களுக்கு மேலே இனி அவர்கள் எழுத இடம் இல்லை.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். இருட்டப்போகிறது. பாதையில் விளக்கு இல்லை, ஆகையால் சீக்கிரம் இறங்க வேண்டும். ஓடையை எடுத்தது தப்புதான், நாளைக்கும் அதையேதான் சொல்வேன். நீ அதற்கு ஒன்று சொல்வாய். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். கல்லின் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. குழாயின் மேலிருந்து கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன்.